வால்பேப்பரில் ஒரு வீடு

கேள்வி: திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசரா இருக்கேன், அதாவது துணி வாங்குற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கிற வேலை. வயசு 31. எட்டு வருஷமா இதே வேலை. சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். 2022-ல் அங்கே அம்மா பேரில் 3 சென்ட் இடம் வாங்கினேன். அதில் ஒரு வீடு கட்டி அம்மாவைக் குடிவைக்கணும், அதுதான் என் ஒரே லட்சியம். இன்ஜினியர் போட்டுக் கொடுத்த 3டி படம்தான் என் போன் வால்பேப்பர். போன வருஷத் தீபாவளியிலிருந்து, ஒரு வீடியோவில் சொன்னபடி, தினமும் காலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடி அந்த வீட்டுக்குள்ளே நடக்கிற மாதிரி நினைச்சுப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் ஆபீஸுக்குப் பறந்துக்கிட்டுப் போனேன். ஆறு மாசமா அந்தப் படத்தைப் பார்த்தாலே எரிச்சலா வருது. காலையில் வந்து உட்கார்ந்தா பதினொரு மணி வரைக்கும் ஒரு மெயிலுக்கும் பதில் போடத் தோணலை. போன மாசம் லேப் டிப்புக்கு, அதாவது சாயம் சரியான்னு பார்க்க அனுப்புற துண்டுத் துணிக்கு, பையர் எழுதின கமெண்ட்டைக் கவனிக்காம விட்டு, துணி மொத்தமும் வேற ஷேடில் வந்துடுச்சு. மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்தினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து இன்க்ரிமென்ட் பேச்சே இல்லை. மாசம் 8,000 ஆர்.டி. கட்டுறேன். ரெண்டு தடவை நடுவில் உடைச்சேன், ஒண்ணு தம்பி பைக்குக்கு, இன்னொண்ணு இந்த வைகாசியில் சித்தி மகள் கல்யாணத்துக்கு. வீட்டுக்கு மொத்தம் 16 லட்சம் ஆகும், பேஸ்மட்டம் வரைக்கும்னா மூன்றரை லட்சம்னு மேஸ்திரி சொல்றார். கையில் ஒண்ணே கால் லட்சம் இருக்கு. நான் கற்பனை பண்ற விதம் தப்பா? இல்லை எனக்கு மனஉறுதி பத்தலையா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது பேனாவை எடுத்துத் தேதிகளை வட்டமிட்டேன். கார்த்திகையில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதமாக எரிச்சல் என்கிறீர்கள். பின்னோக்கி எண்ணினால் வைகாசி வருகிறது. அமெரிக்க வரி அதற்குப் பிறகு வந்தது. மேனேஜர் கத்தியது இன்னும் பிறகு. வைகாசியில் நடந்ததாக நீங்கள் எழுதியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆர்.டி. இரண்டாம் முறையாக உடைந்தது.

மனஉறுதி பற்றிய உங்கள் கேள்வியை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். எட்டு வருஷம் பையரையும் டையிங் யூனிட்டையும் ஒரே நேரத்தில் சமாளித்த ஒருவருக்கு அந்தச் சந்தேகம் தேவையில்லை. வைகாசிக்கு முன்னால் ஒவ்வொரு நாள் வேலையும் எப்படியோ அந்த வீட்டில் போய்ச் சேரும் என்று உங்கள் மனசு நம்பியது. கல்யாணத்துக்குப் பணம் எடுத்த அன்று அந்த நம்பிக்கை அறுந்தது. படம் மட்டும் போனில் அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்து அதைப் பார்க்கும்போது, வரவேண்டிய பாக்கி வராததுபோல் ஓர் எரிச்சல். நியாயமான எரிச்சல்தான்.

இப்போது கற்பனைக்கு வருகிறேன். கண்ணை மூடி லட்சியத்தைப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அவை சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் கவலை இல்லை, பாதி உண்மை என்பதுதான் தொல்லை. நானும் ஒரு காலத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு காரின் படத்தை வைத்திருந்தேன். முதல் வாரம் தினமும் பார்த்தேன். மூன்றாம் மாதம் அதன் மேல் காபி டம்ளரை வைக்க ஆரம்பித்திருந்தேன். எந்தப் படமும் கண்ணுக்குப் பழகிவிடும்.

பழகிப்போவது ஒரு பக்கம். அதைவிட விஷயமுள்ள இன்னொரு பக்கம் இருக்கிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த விஷயத்தையே பல வருஷங்களாக ஆராய்ந்தவர். 2002-ல் அவரும் டோரிஸ் மேயரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படிப்பை முடித்து வேலை தேடும் பட்டதாரிகளை இரண்டு வருஷம் கழித்து மறுபடி விசாரித்தார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் விண்ணப்பம் போட்டதும் குறைவு, அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. 2011-ல் ஹெதர் கேப்பஸுடன் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில் காரணத்தைத் தேடினார். எல்லாம் நினைத்தபடி நடந்துவிட்டதாகக் கற்பனை செய்தபோது உடம்பின் வேகமே சற்று இறங்கியது. அதை இரத்த அழுத்தத்தை வைத்து அளந்து பார்த்தார்கள். வீடு கட்டி முடிந்து அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், உடம்பு ஓய்வெடுக்கத்தானே செய்யும்? நம் ஊரில் இதற்கு ஆய்வு இல்லாமலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், மனக்கோட்டை என்று.

அதற்காகக் கற்பனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எதைக் கற்பனை செய்கிறோம் என்பதுதான் கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியன் பாம், ஷெல்லி டெய்லர் இருவரும் தேர்வுக்கு முந்தைய நாட்களில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் சில நிமிஷம், நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாகக் கற்பனை செய்தது. இன்னொரு குழு, எங்கே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பாடத்தை எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கற்பனை செய்தது. 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் முன்கூட்டியே தொடங்கினார்கள், கூடுதலாகப் படித்தார்கள், மதிப்பெண்ணும் அவர்களுக்கே கூடியது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கற்பனையால் உதவி இல்லை.

இதை நான் உங்களுக்குச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான், ஏனென்றால் உங்கள் தொழிலே இதில்தான் நடக்கிறது. பையர் ஒரு டி-ஷர்ட்டின் படத்தை அனுப்புகிறார். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவீர்களா? எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று போடும் 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' காலண்டரைத் திறப்பீர்கள். தூத்துக்குடியில் சரக்கு ஏறவேண்டிய தேதியைக் கடைசிக் கட்டத்தில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வருவீர்கள். பேக்கிங், செக்கிங், தையல், கட்டிங், காம்பாக்டிங், டையிங், நிட்டிங், நூல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு பொறுப்பாள். எங்கே மாட்டும் என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். சாம்பிள் அப்ரூவல் இழுக்கும், டையிங்கில் ஷேடு மாறும். அதற்கும் சேர்த்து நாலு நாள் விட்டு வைப்பீர்கள். ஊரான் வீட்டுப் பனியனுக்கெல்லாம் இவ்வளவு செய்கிறவர், சொந்த வீட்டுக்கு வெறும் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுக்கு 16 லட்சம், கையில் 1.25 லட்சம், மீதி 14.75 லட்சம். மாதம் 8,000 என்றால், வட்டியை விட்டுவிட்டால், 184 மாதம். பதினைந்து வருஷத்துக்கு மேல். தினமும் காலையில் நீங்கள் கண்ணை மூடிப் பார்க்கும் காட்சி அவ்வளவு தள்ளி இருக்கிறது. இன்று பதில் போடும் ஒரு மெயிலுக்கும் அந்தத் திண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று மனசுக்குப் புரியாவிட்டால், அதைக் குறை சொல்ல முடியாது. அதே கணக்கைப் பேஸ்மட்டத்துக்குப் போட்டால் மீதி 2.25 லட்சம், அதாவது 28 மாதம் சொச்சம். இது கைக்கு எட்டுகிற தூரம். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகூட 3டி படத்தைப் பார்த்து மொத்தப் பணத்தையும் தூக்கிக் கொடுப்பதில்லை. பேஸ்மட்டம் முடிந்ததா, லிண்டல் வந்ததா, தளம் போட்டாயிற்றா என்று வேலை ஏற ஏறத்தான் விடுவிக்கிறது.

ஆகவே முதலில் வால்பேப்பரை மாற்றுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த 3 சென்ட் இடத்தை இப்போது இருக்கிறபடியே ஒரு படம் எடுங்கள். முள்செடி இருந்தால் இருக்கட்டும். அதன்மேல் "பேஸ்மட்டம்: 3,50,000-ல் 1,25,000" என்று எழுதி வையுங்கள். மாதா மாதம் இரண்டாவது எண்ணை மட்டும் மாற்றுங்கள். மாறுகிற படத்துக்குக் கண் அவ்வளவு சீக்கிரம் பழகாது.

அடுத்தது கொஞ்சம் வலிக்கிற இடம். உங்கள் வீட்டுக்கு எது தடை? கடிதத்தில் மேனேஜருக்கு ஒரு வரி, அமெரிக்காவுக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி பைக்கும் சித்தி மகள் கல்யாணமும் ஒரே வரியில் வந்து போய்விடுகின்றன. இரண்டு முறையும் உங்களிடம் யாராவது பலவந்தம் செய்தார்களா, அல்லது கேட்டதும் "சரி" என்று சொல்லிவிட்டீர்களா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தம்பி மேல் நான் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் மூத்த பிள்ளையிடம் எல்லோரும் கேட்கத்தான் செய்வார்கள். அம்மாவுக்கு வீடு கட்ட நினைக்கும் அதே மனசுதான் தம்பியிடம் 'இல்லை' என்று சொல்லத் தயங்குகிறது. அது கெட்ட மனசு இல்லை. ஆனால் ஒரே பானையில் இரண்டுக்கும் உலை வைத்தால் வீட்டுக்கு உரியதைத்தான் முதலில் மொண்டு எடுப்பார்கள், ஏனென்றால் வீடு போன் போட்டுக் கேட்காது.

ஓட்டிங்கன் சொல்லும் வழியும் இதுதான்: ஆசையைப் பார், உடனே அதற்குக் குறுக்கே உனக்குள் நிற்பதையும் பார், அது வந்தால் என்ன செய்வாய் என்று இப்போதே முடிவு செய். அந்தக் கடைசிப் பகுதி, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே சொற்களில் கட்டி வைப்பது, பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து வந்தது. உங்களுக்கு ஏற்றபடி அதை எழுதிப் பார்த்தேன்: "தம்பியோ சித்தியோ பணம் கேட்டு போன் போட்டால், 'ஞாயித்துக்கிழமை பார்த்துச் சொல்றேன்' என்று மட்டும் சொல்வேன்." இதில் 'இல்லை' என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். உங்களால் 'இல்லை' சொல்ல முடியாது என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன். நாலு நாள் அவகாசம் கிடைத்தால் பாதிக் கேள்விகள் தானாகவே வேறு வழி தேடிக்கொள்ளும்.

கூடவே பணத்தைப் பிரியுங்கள். திலிப் சோமனும் அமர் சீமாவும் நம் நாட்டுக் கிராமப்புறக் கூலித் தொழிலாளர்களிடம் ஒரு சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். வாரக்கூலி ரொக்கமாக வாங்குகிறவர்கள். சேமிப்புக்கான தொகையைத் தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒரே உறை, சிலருக்கு அதே தொகை இரண்டு உறைகளில். சிலருடைய உறை மேல் அவர்களுடைய பிள்ளைகளின் படம். படம் இருந்த உறைக்காரர்கள் அதிகம் சேமித்தார்கள், இரண்டு உறைக்காரர்களும் அதிகம் சேமித்தார்கள். பிள்ளையின் முகத்தைக் கிழித்துத்தான் பணத்தை எடுக்க வேண்டும் என்றால் யாருக்குக் கை வரும்? அந்தப் படம் எங்கே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுவரில் இல்லை, பூஜை அறையில் இல்லை. பணத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று கை தயங்கும் அதே இடத்தில் இருந்தது. உங்கள் வீட்டின் படம் போன் முகப்பில் இருக்கிறது, ஆர்.டி.யை உடைப்பதோ வங்கிச் செயலியில். அங்கே படம் ஒட்ட முடியாது, ஆனால் பல செயலிகளில் சேமிப்புக்கு நாமே பெயர் வைக்க வசதி இருக்கிறது. இருந்தால், "அம்மா வீடு பேஸ்மட்டம்" என்று வையுங்கள். இல்லாவிட்டால் தம்பியின் போன் எண்ணுக்கு அந்தக் காலி மனையின் படத்தை வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், அவர் கூப்பிடும்போது திரையில் வரவேண்டிய படம் அதுதான்.

8,000 ரூபாயில் 6,500-ஐ வீட்டு ஆர்.டி.க்கும், 1,500-ஐ சொந்தபந்தங்களின் கல்யாணம் காட்சி, கைமாற்று இவற்றுக்கும் தனித்தனியாகப் போடலாம். இப்படிச் செய்தால் பேஸ்மட்டம் 28 மாதத்திலிருந்து ஏறக்குறைய 35 மாதத்துக்குத் தள்ளிப் போகும். தெரிந்துதான் சொல்கிறேன். உடையும் 8,000-ஐ விட உடையாத 6,500 வேகமாகப் போய்ச் சேரும். அந்த 1,500 தீர்ந்துவிட்டால், "இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் இருந்தது" என்று நீங்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது.

இனி ஆபீஸ். பதினொரு மணி வரை எதுவும் ஓடவில்லை என்கிறீர்கள். திருப்பூர், கோவைக் கம்பெனிகளுக்குப் போய்வருவதில் நான் கவனித்த வரை, காலையில் மெர்ச்சண்டைசர்கள் தள்ளிப்போடும் வேலை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: எதிர்ப்பக்கம் கோபப்படுவார்கள் என்று தெரிந்த ஒரு போன் அல்லது ஒரு மெயில். அதைச் சுற்றி மற்ற வேலையெல்லாம் தேங்கிவிடும். உங்களுடைய அந்த ஒன்று எது என்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் வரும்போது, பத்து நிமிஷம் வேண்டாம், மூன்று நிமிஷம் போதும், அதை நீங்கள் செய்வதாக நினைத்துப் பாருங்கள். நாற்காலியை இழுக்கிறீர்கள், பையை வைக்கிறீர்கள், வாட்ஸ்அப்பைத் திறக்காமல் நேற்றைய கமெண்ட் ஷீட்டைத் திறக்கிறீர்கள், டையிங் யூனிட் நம்பரைப் போடுகிறீர்கள், அவர் கத்துகிறார், "அண்ணா, ஷேடு மட்டும் சொல்லுங்க" என்கிறீர்கள். கத்துவதும் கற்பனையில் இருக்கட்டும், அதை விட்டுவிட்டால் அந்த மூன்று நிமிஷத்தில் பயன் இல்லை. ஐரோப்பிய பையர்கள் உங்களுக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். நமக்குக் காலை ஒன்பதரை என்றால் ஜெர்மனியில் கோடையில் ஆறு மணி, குளிர்காலத்தில் ஐந்து மணி. அவர்கள் மேசைக்கு வருவதற்குள் உங்களுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. இப்போது அதில் பாதியைத்தான் எரிச்சல் தின்றுகொண்டிருக்கிறது.

பிடிக்காத வேலையை வீட்டுக்காகச் செய்வது தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். மெக்ஸிகோவில், தள்ளுபடிக் கூப்பன்களை ஸ்கேன் செய்வதையே நாள் முழுக்கச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் யோகென் மெங்கெஸும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2017-ல் வந்தது. சலிப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வேலையில் விருப்பம் இல்லாதவர்களிலும், குடும்பத்துக்காக உழைக்கிறோம் என்ற எண்ணம் வலுவாக இருந்தவர்கள் நன்றாக வேலை செய்தார்கள். உங்கள் ஆரம்ப மாதங்களில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வீட்டுக் கனவை வலிநிவாரணி மாத்திரையாக விழுங்காதீர்கள். எல்லோர் முன்னாலும் கத்துவது உங்கள் கற்பனைக் குறைபாடு இல்லை, அது அவருடைய நடத்தைக் குறைபாடு. லேப் டிப் கமெண்ட்டைத் தவறவிட்டது உங்கள் தவறு, அதை ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். இனி தவறாமல் இருக்க எந்த ஷீட்டில் எப்போது சரிபார்ப்பீர்கள் என்று அவரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதே உட்காரலில், "தப்பு நடந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க சார்" என்பதையும் சொல்லுங்கள். அவர் மாறாமலும் போகலாம். அப்படியானால் எட்டு வருஷ அனுபவத்துக்கு வேறு கம்பெனியில் என்ன தருகிறார்கள் என்று விசாரிப்பதில் தவறில்லை, ஆனால் ஆர்டர் மந்தமாக இருக்கும்போது கையில் இருப்பதை விட்டுவிட்டு விசாரிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். எரிச்சல் ஆபீஸோடு நிற்கிறதா? தூக்கம், சாப்பாடு, சிநேகிதிகளோடு பேசுவது என எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் ஒட்டுதல் இல்லை என்றால், மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிருக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டைக் கட்டிப்பார் என்று நம் பெரியவர்கள் சவால்போலச் சொல்லிவைத்தது சும்மா இல்லை. மேஸ்திரி சொன்ன மூன்றரை லட்சத்தையும் எழுத்தில் வாங்குங்கள், அதில் மண் நிரப்புவது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். (நான் கேட்காமல் விட்டு மாட்டிக்கொண்டவன்.) 3டி படத்தை வால்பேப்பரிலிருந்துதான் எடுக்கச் சொன்னேன், போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். நிலை வைக்கிற அன்று, சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று மேஸ்திரி கேட்பார். அன்றைக்கு எடுத்துக் காட்டலாம்.